சங்கு ஊதினால் என்ன செய்வது?

“ஏட்டி, ஐந்தருவியில சீயக்காய் விக்கவ மவளுக்கு அணுகுண்டைப் பத்தி என்னட்டி தெரியும்?”

டீக்கடை அண்ணாச்சி இப்படிக் கேட்டபோது எனக்குப் பதினொரு வயது. அந்த நாட்களில் ஞாயிறானால் என் கையில் அவர் கடைப் பேப்பர் இருக்கும். அதை அவரைவிட வேகமாக நான் வாசிப்பேன். அவருடைய கோபம் எல்லாம் அதன்மேல்தான், அணுகுண்டின்மேல் இல்லை. எனக்கு அந்தக் கேள்வி மறக்கவில்லை. அவர்மேல் வருத்தமும் இல்லை. நல்ல கேள்விதான். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது என்பதும் உண்மைதான்.

நம் வயதுக்காரர்களுக்கு அந்த ஜூன் மாதம் நினைவிருக்கும். இரண்டாயிரத்து இரண்டு. புது நோட்டுக்குப் பழுப்பு அட்டை போட்டு, லேபிளில் ‘ஆறாம் வகுப்பு’ என்று எழுதி, அது மழையில் ஊறி மை பரவிய மாதம். இந்தியப் பட்டாளமும் பாகிஸ்தான் பட்டாளமும் எல்லையில் மாதக்கணக்கில் எதிரெதிரே நின்றன. இரண்டு நாடுகளும் அணுகுண்டை வெடித்துப் பார்த்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. ஊரெல்லாம் அதே பேச்சு. நீங்கள் சென்னையில் இருந்திருந்தால் டி.வி. சொன்னதைக் கேட்டிருப்பீர்கள். எங்களுக்கு டீக்கடைதான் டி.வி.

எங்கள் வீடு குற்றாலத்துக்குப் பக்கத்தில், இலஞ்சியில். அப்பா சீசனுக்கு சீசன் ஐந்தருவியில், குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். மற்ற மாதங்களில் கிடைத்த வேலைக்குப் போவார். அருவிக்கு ஏறும் வழியில், அருவித் தண்ணீர் ஓடி வரும் ஓடைக்கரையில் அம்மாவின் கடை. கடை என்றால் நான்கு கம்பு, ஒரு நீலத் தார்ப்பாய், ஒரு தகரப் பெட்டி. சீயக்காய், அரப்பு, எண்ணெய் பாக்கெட். அதை ஒட்டித் துண்டுக்கடை பாய். எதிரே மேட்டில் டீக்கடை. சாரல் அடிக்கும் நாளில் பஜ்ஜி வாசமும் நல்லெண்ணெய் வாசமும் ஈரத்துண்டு வாசமும் கலந்து மூக்கில் ஏறும். இன்றைக்கும் எங்காவது அந்த மூன்றில் ஒன்று வந்தால் மற்ற இரண்டையும் நான் தேடுவேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. என் ரிப்போர்ட் கார்டில் அப்பா கைநாட்டு வைப்பார். அந்தக் கட்டைவிரலில் எப்போதும் எண்ணெய் இருக்கும் என்பதால் மை வட்டத்தைச் சுற்றி ஒரு பிசுக்கு வட்டமும் விழும். தென்காசியில் என் வகுப்பில் வேறு யார் கார்டிலும் இரண்டு வட்டம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாளும் நான் கடைக்கு வந்துவிடுவேன். அண்ணாச்சி எழுத்துக் கூட்டி ஒரு செய்தியை முடிப்பதற்குள் நான் பக்கத்தை முடித்துவிடுவேன். எண்ணெய் தேய்க்கிறவர்களுக்கு என் வேகம் பிடித்துப்போனது. ஆள் வராத நேரத்தில் என்னை பெஞ்சில் உட்காரவைத்து, “படிட்டி, இன்னைக்கு என்ன சொல்லுதாவ?” என்று கேட்பார்கள். முப்படைத் தளபதிகள் ஆலோசனை. எல்லையில் பீரங்கிச் சண்டை. வெளிநாட்டுக்காரர்கள் ஊர் திரும்ப வேண்டும் என்று அவர்கள் நாட்டுத் தூதரகங்கள் சொல்லிவிட்டன.

“வெள்ளக்காரன் ஓடுதாம்னா விஷயம் இருக்கு,” என்றார் அண்ணாச்சி. “மொதக் குண்டு மகேந்திரகிரிக்கு. ரெண்டாவது கூடங்குளத்துக்கு. ராக்கெட்டும் கரண்டும் அங்கனதான இருக்கு?”

“கூடங்குளத்துல இப்பம்தான் வானம் தோண்டுதாவ அண்ணாச்சி. குழிக்குள்ளயா குண்டு போடுவான்?” என்றார் பாய்.

அண்ணாச்சி அவர் பக்கம் திரும்பினார். “பாய், நீரு சொல்லும். உங்காளுவ போடுவானுவளா மாட்டானுவளா?”

பாய் கடையநல்லூர்க்காரர். துண்டை உதறி மடித்துக்கொண்டே சொன்னார்: “எங்காளு ஒருத்தன் துபாய்ல பெயிண்ட் அடிக்கான். என் மச்சினன். ஃபோன் பண்ணும்போது கேட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி.”

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். பாய் மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. அந்தச் சீசன் முழுவதும் அவர் அதே கேள்விக்குத் தினமும் ஏதாவது ஒரு வேடிக்கைப் பதிலை யோசித்து வைத்திருக்க வேண்டியிருந்தது என்பதை இப்போது நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

“எவன் எங்கன போட்டாலும் மலை மறிச்சுக்கிடும்,” என்பது அப்பாவின் முடிவு. வடக்கே நடக்கிற சண்டைக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை என்று பெரியவர்கள் அத்தனை பேரும் உறுதியாக நம்பினார்கள். பயந்தார்கள், ஆனால் வேடிக்கை பார்க்கிற பயம். அங்கே நகரங்கள் எரிந்தால் அந்தப் புகை மேலே போய் வெயிலை மறைக்கும், பருவமழை தவறும், இந்தச் சாரலே வராமல் போகலாம் என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ள இன்னும் பத்து வருடம் இருந்தது.

ஒரு நாள் பட்டாளத்துக்காரர் ஒருவர் எண்ணெய் தேய்க்க வந்தார். சிவகிரிப் பக்கம். லீவில் வந்தவரை உடனே திரும்பச் சொல்லித் தந்தி வந்திருந்தது. மறுநாள் ரயில். அதற்குள் ஒரு தடவை அருவியில் நின்றுவிட வேண்டும் என்று வந்திருந்தார். அப்பா அவர் முதுகில் கை வைத்ததும், “என்ன சார், பாறை மாதிரி இருக்கு. தூங்குதீயளா இல்லையா?” என்றார்.

நான் பேப்பரோடு பக்கத்தில் போய் நின்றேன். “அணுகுண்டு போடுவாங்களா?”

“எனக்கு எப்படிப் பாப்பா தெரியும்? எனக்குத் தெரிஞ்சது பதுங்குகுழி, சப்பாத்தி, கொசு.” கண்ணை மூடிக்கொண்டே பேசினார். “அவனுக்கும் எங்களுக்கும் நடுவுல, இந்தா இங்க இருந்து பஸ் நிக்க எடம் வரை இருக்கும். அவன் டார்ச் அடிச்சா நாங்க முழிச்சிருவோம். நாங்க அடிச்சா அவன் முழிச்சிருவான். எதுக்குலே அடிச்சேன்னு கேக்க முடியாது. ஒரு நா அவன் வயித்தால போகுதுன்னு டார்ச்சை எடுத்துட்டு ஓடியிருக்கான். இங்கன அம்பது பேரு துப்பாக்கிய நீட்டிக்கிட்டுக் கெடக்கோம்.”

அப்பா தேய்ப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “சுட்டுட்டீயளா?”

“சுடல. அதுக்குள்ள அவன் வேட்டி… அவனோட அதை அவுத்து உக்காந்துட்டான்.”

அவர் தம்முடைய பச்சை சோப்பு டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த தடவை வந்தால் கொடுக்கலாம் என்று அம்மா அதைத் தகரப் பெட்டிக்குள் போட்டு வைத்தாள்.

அதே வாரம் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர், சண்டை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்த சண்டையில் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததாம். சங்கு, அதாவது சைரன், ஊதினால் நின்ற இடத்தில் குப்புறப் படுக்க வேண்டும். கட்டைவிரலால் காதை அடைக்க வேண்டும். மற்ற விரல்களால் கண்ணை மூட வேண்டும். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். சங்கு நிற்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. நான் படம் வரைந்து, பாகம் குறித்து, நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் வகுப்பு எடுத்தேன். ஆமாம், வகுப்புதான். எனக்குத் தெரிந்து அம்மாவுக்குத் தெரியாத ஒன்றை அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கும் சுகம் இருக்கிறதே, அது முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு மட்டும் தெரியும். நான் வாயாலேயே ‘ஊ’ என்று ஊதுவேன். அம்மா சிரித்துக்கொண்டே சாக்கின்மேல் படுப்பாள். பாய் துண்டு விரித்துப் படுப்பார். “காதைப் பொத்தலயே பாய்!” என்பேன். “வாயத் தொறந்தா ஈ போவுதும்மா,” என்பார். எல்லாரையும்விடச் சரியாகச் செய்தது என் தங்கச்சி. ஆறு வயது. நான் ‘ஊ’ என்ற மறு நொடி, வழுக்குப் பாறையோ சேறோ பார்க்க மாட்டாள், தொப்பென்று விழுந்து காதை அடைத்துவிடுவாள். தட்டி எழுப்பினால்தான் எழுவாள்.

அண்ணாச்சி படுக்கவில்லை. கடைவாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். நான் ஆரம்பத்தில் சொன்னேனே, அந்தக் கேள்வியை அவர் கேட்டது அப்போதுதான்.

அப்பாவும் படுக்கவில்லை. “எண்ணெக் கையோட மண்ணுல கெடக்கவா? வேற சோலி இல்ல?” என்று மேலே போய்விட்டார்.

இனி ஒரு பலகை பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன் வருடங்களில் வெள்ளம் வரும் அறிகுறி தெரிந்தால் அருவிக்கரைக் காவல்காரர் விசில் ஊதுவார், கையை ஆட்டுவார். அந்தச் சீசனில் புதிதாக, கையால் சுற்றுகிற ஒரு சங்கு வந்திருந்தது. மேலே காவல்காரர் கொட்டகையில் சாக்கு போட்டு மூடி வைத்திருந்தார்கள். அது எங்களுக்குத் தெரியாது. அதோடு ஒரு அறிவிப்புப் பலகையும் வந்திருந்தது. இரும்புக் கம்பத்தில், ஆள் உயரத்தில், சரியாக அம்மா கடைக்கும் பாய் கடைக்கும் நடுவில் நட்டுவிட்டுப் போனார்கள். நட்டது எந்த ஆபீஸ் என்று யாரும் கேட்கவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்கவில்லை, பாய் வாசிக்கவில்லை. கயிறு கட்ட நல்ல கம்பம் கிடைத்தது என்று இருவரும் சந்தோஷப்பட்டார்கள். அம்மா ஒரு பக்கம் சீயக்காய் பாக்கெட் சரத்தைக் கட்டினாள். பாய் மறுபக்கம் துண்டுகளைத் தொங்கவிட்டார். சிவப்பு, மஞ்சள், கட்டம் போட்டது. நான் அடுத்த லீவுக்குக் கடைக்கு வருவதற்குள் பலகை மறைந்துவிட்டது. பேப்பரில் பொடி எழுத்து வரை வாசிக்கிற நான், பத்து அடி தள்ளி இருந்த அதை ஒரு தடவைகூட வாசிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு. தூறலும் வெயிலும் மாறி மாறி. ஓடையில் முட்டளவுகூடத் தண்ணீர் இல்லை. தங்கச்சி ஓடை நடுவில் தட்டைப் பாறையில் உட்கார்ந்து சீயக்காய் அளக்கிற டப்பாக்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் டீக்கடை பெஞ்சில். அன்றைய பேப்பரில் நல்ல செய்தி. இரண்டு நாடுகளும் கொஞ்சம் இறங்கி வருவதாகப் போட்டிருந்தது. ‘பதற்றம் தணிகிறது’ என்று நான் வாசித்து முடிக்கவில்லை, சங்கு ஊதியது.

அந்தச் சத்தத்தை நாங்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை. அடிவயிற்றிலிருந்து எழுந்து மேலே மேலே போய், மலையில் முட்டித் திரும்பி வந்தது. மேலே அருவிக்கரையில் காவல்காரர் கத்தி விரட்டியதில் குளித்தவர்கள் எல்லாம் ஏறி ஓடியிருக்கிறார்கள். அவருடைய குரல் கீழே எங்களுக்குக் கேட்கவில்லை. சங்கு மட்டும்தான் கேட்டது.

“படுங்க! எல்லாரும் படுங்க!” என்று கத்தியது நான்தான்.

அம்மா படுத்தாள். பாய் படுத்தார். சீயக்காய் வாங்க வந்த இரண்டு பெண்கள், என்ன ஏது என்று தெரியாமலே, அம்மாவைப் பார்த்துப் படுத்தார்கள். அண்ணாச்சியே பெஞ்சுக்கு அடியில் போனார். நான் படுக்கும் முன் ஓடையைப் பார்த்தேன். தங்கச்சி பாறையில் குப்புறப் படுத்து, கட்டைவிரலால் காதை அடைத்து, கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்து வைத்திருந்தாள். நூற்றுக்கு நூறு.

அப்பா அப்போது மேலே யாருக்கோ தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் காய்ந்த சருகும் சுள்ளியும் சேர்ந்து வருவதைப் பார்த்திருக்கிறார். அதன் பின்னால் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியிருக்கிறது. அதற்கு அர்த்தம் என்ன என்று ஐந்தருவியில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்கும் தெரியும், பாய்க்கும் தெரியும். ஆனால் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்கள்.

“ஏட்டி, எந்திரி! தண்ணி! தண்ணி வருது!” அப்பா கத்திக்கொண்டே படியில் இறங்கி ஓடி வந்தார். நாங்கள் எழுந்துவிட்டோம். தங்கச்சி எழவில்லை. அவள் காதை அடைத்திருந்தாள். அம்மா அவள் பெயரைச் சொல்லிக் கத்திய கத்து இன்னும் என் காதில் இருக்கிறது. அவள் அசையவில்லை. சங்கு நிற்கும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன். சங்கு நிற்கவில்லை.

அப்பா ஓடைக்குள் இறங்கியபோது தண்ணீர் இடுப்பளவு வந்துவிட்டது. பாறையை மோதி அவளைத் தள்ளியது. அப்பா அவள் கையைப் பிடித்தார். வழுக்கியது. மறுபடியும் பிடித்தார். மறுபடியும் வழுக்கியது. காலையிலிருந்து எண்ணெயில் ஊறிய கை. ஒரு பிள்ளையின் ஈரக் கையை அதனால் பிடிக்க முடியவில்லை.

“அண்ணே, துண்டு!” என்று பாய் கத்தினார். கம்பத்தில் தொங்கிய துண்டு ஒன்றை உருவி எறிந்தார். அது தண்ணீரோடு போனது. இன்னொன்றை ஒரு முனையில் முடிச்சுப் போட்டு எறிந்தார். அப்பா அதை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு, அந்தக் கையால் தங்கச்சியின் மடித்துக் கட்டிய சடையைப் பிடித்தார். இந்தத் தடவை வழுக்கவில்லை. பாய் இன்னொரு துண்டை அப்பா மறு கையில் சுற்றிக்கொள்ள வீசி, அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு கரையில் படுத்தார், அம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டாள், அம்மாவை நான். அப்படித்தான் ஏறினார்கள்.

நாங்கள் ஏறிய பிறகுதான் பெரிய வெள்ளம் வந்தது. தார்ப்பாய் போனது, தகரப் பெட்டி போனது, அதற்குள் இருந்த பட்டாளத்துக்காரரின் சோப்பு டப்பா போனது, குப்புறப் படுக்கும் படம் வரைந்த என் நோட்டும் போனது. இரும்புக் கம்பம் வளைந்து, பலகை பிய்த்துக்கொண்டு போனது.

தங்கச்சி அம்மா மடியில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கரை ஏறியதும் மறுபடியும் காதுக்குள் வைத்த கட்டைவிரலை எடுக்க ரொம்ப நேரம் ஆனது. எடுத்ததும் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“அக்கா, நான் கரெக்டா படுத்தேன்லா?”

நான் அவள் சடையில் சிக்கிய சருகை ஒவ்வொன்றாக எடுத்தேன். 

மாலையில் தண்ணீர் வடிந்த பிறகு காவல்காரர் அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கீழே பாலத்துத் தூணில் மாட்டிக் கிடந்ததாம். சீயக்காய் பாக்கெட் சரத்தின் கயிறு இன்னும் அதில் சுற்றியிருந்தது. டீக்கடை பெஞ்சில் சாய்த்து வைத்தார். “எழுதித்தான வச்சிருக்கு? ஒருத்தருக்கும் கண்ணு இல்லயா?” என்று கத்தினார்.

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். “வாட்டி, பேப்பர்காரி. இதை வாசி.”

வாசித்தேன். “சங்கு ஒலித்தால் வெள்ளம் வருகிறது என்று பொருள். உடனே மேட்டுப் பகுதிக்குச் செல்லவும்.”

“இன்னொரு மட்டம்.”

இன்னொரு தடவை வாசித்தேன்.  அண்ணாச்சி அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: “பாத்தியாடே. பிள்ளையப் படிக்க வச்ச, அவ ஊரையே படுக்க வச்சிட்டா. போதும். நாளையில இருந்து கடையில நிக்கச் சொல்லு. அம்மைக்கு ஒத்தாசையா இருக்கும்.”

 அப்பா உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டு இறுக்கிய இடம் கன்றிப்போயிருந்தது. அவர் ‘சரி’ என்று சொன்னால் அன்றோடு முடிந்தது என்பது எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் நானும் மறுத்திருக்க மாட்டேன். தங்கச்சியைக் கொல்லப் பார்த்தவளுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்றுதான் எனக்கும் தோன்றியது.

அம்மாதான் பேசினாள். எப்போதும் அண்ணாச்சி முன்னால் குரல் உயர்த்தாதவள்.

“அவ என்ன தப்பாவா படிச்சா அண்ணாச்சி? டீச்சர் சொன்னதச் சொன்னா. இந்தப் போர்டை மூடினது நானும் பாயும். வாசிக்கத் தெரிஞ்ச நீங்களும் இத்தன நாளா இதைத் தாண்டித்தான போறீய, வாறீய? அவ பேப்பர வாசிச்சா, போர்டை வாசிக்கல. இனிமே ரெண்டையும் வாசிக்கட்டும். நாளைக்குப் பள்ளிக்கூடம் போவா.”

 அண்ணாச்சி உள்ளே போய் எங்கள் எல்லாருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். என் டம்ளரில் மட்டும் சீனி கூடுதலாக இருந்தது.

அந்த வாரமே கம்பத்தை நிமிர்த்திப் பலகையைத் திரும்பவும் மாட்டினார்கள். பாய் துண்டுகளை எதிர்ப்பக்கம் மாற்றிக்கொண்டார். அம்மா தினமும் கடை விரிக்கும் முன் என்னையோ, நான் இல்லாத நாளில் பாயையோ வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். கேட்டுக் கேட்டு அவளுக்குப் பாடமாகிவிட்டது. சீசன் முடிவதற்குள், வெளியூர்க்காரர்களிடம் விரலை வைத்துக் காட்டி, வாசிக்கிற மாதிரியே சொல்வாள். இன்றைக்கும் எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா வாசிப்பது அந்த இரண்டு வாக்கியம் மட்டும்தான்.

பட்டாளத்துக்காரர் அடுத்த சீசனில் வந்தார். முடி நரைத்திருந்தது. சோப்பு டப்பாவைக் கேட்டார். வெள்ளத்தில் போன கதையை அப்பா சொல்ல, அவர் எண்ணெய்ப் பலகையில் படுத்தபடி முழுவதையும் கேட்டார். “நீங்களாவது ஒரு தடவை படுத்தீய. நாங்க பத்து மாசமா படுத்தே கெடந்தோம்,” என்றார்.

நான் பள்ளிக்கூடம் போனேன். கல்லூரி போனேன். பாதுகாப்பியல் எடுத்தபோது, “பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்கு?” என்று கேட்டவர்கள் உண்டு. அண்ணாச்சி கேட்டதைவிடக் கஷ்டமான கேள்வியை அவர்கள் யாரும் கேட்கவில்லை. இப்போது ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே ஆராய்ச்சி செய்கிறேன். அணு ஆயுதம் வைத்திருக்கும் இரண்டு அண்டை நாடுகள் ஒன்றின் எச்சரிக்கையை ஒன்று எப்படித் தவறாக எடுத்துக்கொள்கின்றன என்பதுதான் பொருள். பெரிய பெரிய வார்த்தைகளில் எழுத வேண்டியிருக்கிறது. எனக்குள் அது எப்போதும் ஒரு ஓடை, ஒரு பாறை, காதை அடைத்துக்கொண்டு கிடக்கிற ஒரு பிள்ளை.

போன வருடம் மே மாதம் இரண்டு நாடுகளும் நான்கு நாள் மறுபடியும் அடித்துக்கொண்டன. ஊர் ஊராகச் சங்கு ஊதி ஒத்திகை பார்த்தார்கள். அம்மா ஃபோன் செய்தாள்.

“ஏட்டி, டி.வி.ல சங்கு ஊதுதாவ. படுக்கணுமா, ஓடணுமா?”

“எந்தச் சங்குன்னு கேட்டுட்டுச் செய்யணும்மா.”

“யார்ட்ட கேக்க?”

என் ஆராய்ச்சி மொத்தமும் அந்த இரண்டு வார்த்தைதான். இரண்டு பட்டாளங்களுக்கும் நடுவே ஒரு ஃபோன் இருக்கிறது. ஒவ்வொரு புத்தாண்டு அன்றும் இரண்டு நாடுகளும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைக் கைமாற்றிக்கொள்கின்றன, எவ்வளவு மோசமான வருடத்திலும். சில வருடங்களுக்கு முன் இங்கிருந்து ஒரு ஏவுகணை தவறுதலாகக் கிளம்பி அந்தப் பக்கம் போய் விழுந்தது. அங்கே யாரோ பதிலுக்கு ஏவ அவசரப்படாமல் இருந்தார்கள். அவர்கள் யார், அன்று எதைப் பார்த்துப் பொறுத்தார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். இங்கே உட்கார்ந்து அதைத் தெரிந்துகொள்ள முடியாது. அங்குள்ளவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

கொழும்பில் பத்து நாள் பயிற்சிப் பட்டறை. இரண்டு நாட்டு ஆராய்ச்சியாளர்களும் வருகிறார்கள். விண்ணப்பித்தேன், கிடைத்தது. போன ஞாயிறு ஐந்தருவிக்குப் போய்ச் சொன்னேன். பாய் கடையை அவர் மகன் பார்க்கிறான். அண்ணாச்சி அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“அவனுவகூடயா ஒக்காந்து பேசப்போற?”

“ஆமா அண்ணாச்சி.”

“என்னத்தட்டி பேசுவ?”

“உங்க ஊர்ல சங்கு ஊதினா நீங்க என்ன செய்வீங்கன்னு கேப்பேன். எங்க ஊர்ல நாங்க செஞ்சதச் சொல்லுவேன்.”

அண்ணாச்சி தாம் உட்கார்ந்திருந்த பெஞ்சைத் தடவிக்கொண்டார். “நான் பெஞ்சுக்கடியில போனதச் சொல்லிராத,” என்றார்.

அறை இருவருக்கு ஒன்று. என்னோடு தங்கப்போகிறவள் லாகூரிலிருந்து வருகிறாள் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒரு சீயக்காய் பாக்கெட்டைப் பைக்குள் வைத்தாள். பிறகு இன்னொன்றை எடுத்தாள்.

“அவளுக்கும் தலையில முடி இருக்கும்லா?”

தங்கச்சிதான் என்னை மதுரை விமான நிலையத்தில் கொண்டுவந்து விட்டாள். இப்போது அவளுக்கு ஆறு வயதில் ஒரு மகள். நிலைய வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு அறிவிப்புப் பலகை. அதன் ஓரத்தில் யாரோ மழைக்கோட்டைக் காயப்போட்டிருந்தார்கள். அதை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தேன். கடைசி வரி வரை வாசித்துவிட்டு உள்ளே போனேன்.